முன்னுக்கோ பின்னுக்கோ

உப்புவெளியில் வாடகை அறை.
அடுத்த அறையில் பேக்கரிப் பையன்கள்.
அவர்கள் விடிய மூன்று மணிக்கு வேலைக்குப் போன பிறகுதான்
என் தொண்டைக்குப் பள்ளிக்கூடம்.

போனைச் சோற்றுப் பானையில் சாய்த்து வைக்கிறேன்.
திரையில் ஒரு பச்சைக் கோடு, வயல் வரம்புபோல.
அதன் மேலே நடக்க வேண்டும்.
வாயைத் திறந்ததும் சிவப்புப் புள்ளி
சேற்றில் விழுகிறது:
நூற்றுப் பதினெட்டு.

பதினான்கு வயதில் குரல் உடைஞ்சிட்டுது என்றார்கள்.
சிரித்தார்கள்.
உடைந்ததென்று அவர்களேதான் சொன்னார்கள்,
ஒட்டித் தர ஒருவரும் வரவில்லை.

இந்தச் செயலிக்குத் தமிழ் தெரியாது.
வாசிக்கத் தருகிற வசனங்களில்
பனி பெய்கிறது, யாரோ ஆப்பிள் பறிக்கிறார்கள்.
நான் கடையின் சரக்குப் பட்டியலை வாசிக்கிறேன்:
பிஸ்டன் ரிங், பிரேக் சூ, முன்சில்லுப் பெயரிங்,
கண்ணாடி வலது, கண்ணாடி இடது.
என்ன சொல்கிறேன் என்பதில் அதற்கு அக்கறையில்லை.
உயரம் மட்டும்தான்.

நான்காம் பாடம்:
பெரிய நாயைப்போல் மூச்சு வாங்கு.
பிறகு அதே நாய் சின்னதாகட்டும்.
ஒலி நெஞ்சில் குடியிருக்கக் கூடாதாம்.
முன்பல்லுக்குப் பின்னால் தீப்பெட்டி அளவில் ஓர் அறை,
அங்கே வர வேண்டுமாம்.
நான் மூச்சு வாங்க, அலஸ்தோட்டப் பக்கமிருந்து
ஓர் உண்மை நாய் பதில் சொன்னது.
அதற்குக் கேட்டது பெரிய நாயா சின்ன நாயா,
இன்னும் யோசிக்கிறேன்.

ஒரு ஞாயிறு டச்பேயில் வைத்துப் பார்த்தேன்.
அலைக்கும் ஓர் எண் போட்டுவிட்டு
செயலி குழம்பி நின்றுவிட்டது.
கோட்டைப் பக்கமிருந்து வந்த மானொன்று
ஐந்தாம் பாடம் எழுதியிருந்த தாளை
நிதானமாகத் தின்றது.
அன்றைக்கு நூற்று நாற்பத்திரண்டு.

செவ்வாய்க்கிழமை முதலாளி வங்கிக்குப் போயிருந்தார்.
கடைப் போன் அடித்தது.
கோடு இல்லை, புள்ளி இல்லை,
எடுத்தேன்.
"வணக்கம், சண்முகா மோட்டோர்ஸ்."
அந்தப் பக்கம் ஒரு நொடி.
"தங்கச்சி, த்ரீவீலுக்குக் கிளச் வயர் இரிக்கா?"

ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினேன்,
அதுவும் கேட்கட்டும் என்று.

"இருக்கு நானா."
"கிண்ணியாவிலிருந்து வாறன், வீணா அலைய ஏலாது.
தங்கச்சிக்கு இதெல்லாம் விளங்காது.
ஆம்புள ஆரும் நிண்டாக் குடுங்க."

எட்டு வருஷம் இந்தக் கவுண்டரில் நிற்கிறேன்.
கண்ணை மூடிக்கொண்டு
கையில் பிடித்தே வயரின் நீளம் சொல்வேன்.
அவர் கேட்ட ஆம்பிளை தூரத்தில் இல்லை,
ஒரு இருமல் போதும், வந்துவிடுவான்,
வியாபாரம் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும்.

இருமவில்லை.
கோபம் வந்தால் குரல் நெஞ்சுக்கு இறங்கும் என்று
எந்தப் பாடத்திலும் இல்லை, இறங்கப் பார்த்தது,
இழுத்துப் பிடித்துத் தீப்பெட்டிக்குள் வைத்துக் கேட்டேன்:
"எஞ்சின் முன்னுக்கோ பின்னுக்கோ, நானா?"

ஒருவரும் அவரிடம் இதுவரை கேட்டதில்லை போல.
"பின்னுக்கு."
"அப்ப இது வேற நீளம். பழைய வயரையும் கொண்டு வாங்கோ,
பிடிச்சுப் பாத்துத் தாறன்."
"விலையில கொஞ்சம் பாத்துச் செய்யுங்க."
"வாங்கோ, கதைப்பம்."
"வந்து ஆரைக் கேக்க?"

நட்டுப் பெட்டிக்குள் கைவிட்டிருந்த பிரணவன்
தலை தூக்கினான்.

"சுபோதினி."

இரண்டு வருஷமாகப் போனுக்கு மட்டும் தெரிந்த பெயர்
கிரீஸ் மணத்துக்குள், பிஸ்டன் ரிங்குகளுக்கு நடுவில்
முதல்தரம் நின்றது.
பிரணவன் கேட்டான்: "ஆர் சுபோதினி?"
"வயரை எடுத்து வை," என்றேன்.

கிண்ணியாப் பாலத்தால் வர அரை மணித்தியாலம்.
வருபவர் இந்தத் தாடையைப் பார்ப்பார்,
இந்தத் தோளைப் பார்ப்பார்,
கடைக்குள் எட்டிப் பெண்ணைத் தேடுவார்.
அது வரட்டும்.
சோடாப் போத்தலில் கிடந்த ஸ்ட்ரோவைக் கழுவி
ஒரு கிளாஸ் தண்ணீரோடு பின்பக்கம் போனேன்,
குமிழி விட.